பின்னால் நடந்த குதிரை

என் கூட்டாளி சாங்பிலின் கல்யாணத்தில் என்னைக் குதிரையாக்கியதற்கு ஒரே காரணம், எனக்குத் தலைச்சன் பிள்ளை ஆணாகப் பிறந்ததுதான். மாப்பிள்ளை வீட்டுப் பரிசப்பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகிறவன் ஆண்பிள்ளை பெற்றவனாக இருந்தால் ராசியாம். எங்கள் கூட்டாளிகளில் அந்தத் தகுதி எனக்கு மட்டும்தான் இருந்தது. மற்றவர்களுக்கு ஒன்று கல்யாணமே ஆகவில்லை, இல்லை பெண்பிள்ளை. என் முட்டிவலியை யாரும் கேட்கவில்லை.

பெட்டியைச் சுமப்பவன்தான் குதிரை. அவனை ஓட்டிப் போகிறவன் குதிரைக்காரன். குதிரை வாய் திறந்து பேசக்கூடாது. கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்ட காய்ந்த கணவாய் மீனை முகத்தில் மாட்டிக்கொண்டு பேசாமல் நிற்க வேண்டும். பேச்செல்லாம் குதிரைக்காரனுடையது. பெண் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் நின்று, "பரிசப்பெட்டி வாங்கலையோ, பரிசப்பெட்டி!" என்று அவன் கத்துவான். பெண் வீட்டார் ஓடி வந்து குதிரையின் காலடியில் பண உறை வைப்பார்கள். உறைக்கு ஓர் அடி குதிரை முன்னால் வரும். உறை போதவில்லை என்றால் நின்றுவிடும். ரொம்பப் போதவில்லை என்றால் பின்னால் போகும். பின்னால் போனால் பெண் வீட்டார் பதறுவது போல் நடித்து இன்னும் வைப்பார்கள், சோஜுச் சாராயம் ஊற்றிக் கொடுப்பார்கள், இடுப்பைப் பிடித்து இழுப்பார்கள். எல்லாம் விளையாட்டு. சியோலில் அடுக்குமாடிகள் வந்து, சத்தம் என்று போலீசுக்குப் போன் போடுகிறவர்கள் பெருகிய பிறகும், எங்கள் வயசுக்காரர்கள் அதை விடவில்லை.

அன்றைக்கு மத்தியானம் டியூஷன் சென்டரில் பாடம் எடுத்துவிட்டுத்தான் போனேன். என் பிழைப்பு இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பது. அன்றைய பாடம் 'வித்ட்ரா' என்று ஒரு வினைச்சொல். படை பின்வாங்கினாலும் அதுதான், வங்கியில் பணம் எடுத்தாலும் அதுதான். சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவது, போட்டியிலிருந்து விலகுவது, நீட்டிய கையை இழுத்துக்கொள்வது, ஒருத்தன் யாரோடும் பேசாமல் தனக்குள்ளேயே ஒடுங்கிப் போவது, எல்லாம் அந்த ஒரே சொல்தான். பலகை நிறைய எழுதிப் போட்டேன். எது எந்த அர்த்தம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு பெண் கேட்டாள். எதை என்று பக்கத்தில் போட்டிருக்கும், அதைப் பார் என்றேன். பெரிய மேதாவி மாதிரி சொல்லிவிட்டு, சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டு பஸ் பிடித்தேன்.

மணப்பெண் மிரானின் வீட்டு அடுக்குமாடி வாசலில் தொக்கோ எனக்காகக் காத்திருந்தான். அவன்தான் குதிரைக்காரன். பழைய கார் வாங்கி விற்கிறவன். வாயால் எதையும் ஓட்டிவிடுவான். பெட்டி, வெள்ளைத் துணி, கணவாய், சிவப்பும் நீலமுமாய் ஒரு விளக்கு எல்லாம் அவன் காரிலேயே இருந்தன. சாங்பில் ஆபீஸ் முடிந்து நேராக வந்துவிடுவதாகப் பேச்சு. பெட்டி உள்ளே போன பிறகு மாப்பிள்ளை வந்து மாமனாரை வணங்கிச் சாப்பிட உட்கார வேண்டும்.

அப்போதுதான் என் இடுப்பில் பேஜர் துடித்தது. குரல் பதிவு இருக்கிறது என்று காட்டியது. தெருமுனை டெலிபோன் பூத்துக்குப் போய்க் கேட்டேன். சாங்பில்.

"யோங்மான், பெட்டியக் குடுத்துடாதே. திரும்ப எடுத்துக்கிட்டு வந்துடு. ஏன்னு இப்பக் கேக்காதே. அங்க யாருக்கும் எதுவும் சொல்லிக்க வேண்டாம். மன்னிச்சுக்கடா."

இன்னொரு தடவை கேட்டேன். அதேதான். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நூடுல்ஸ் கடையில் எது வேண்டும் என்று சொல்லவே அரைமணி எடுத்துக்கொள்கிறவன் சாங்பில். ஆனால் சொன்னால் சொன்னதுதான், மாற்றமாட்டான். அவன் ஆபீசுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண், "அவர் மத்தியானமே கிளம்பிட்டாருங்க" என்றாள். எங்கே என்று கேட்டதற்கு, "தெரியலைங்க" என்று அவசரமாக வைத்துவிட்டாள்.

எதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறான்? இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்கிறானா, பெட்டியே வேண்டாம் என்கிறானா, பெண்ணே வேண்டாம் என்கிறானா? அந்தப் பெண்ணுக்குச் சொன்ன வார்த்தையையா வாபஸ் வாங்குகிறான்? மத்தியானம் பலகையில் எழுதிப் போட்ட ஒவ்வொன்றும் பொருந்துகிற மாதிரி இருந்தது, ஒன்றும் பொருந்தவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. பெட்டி அந்த வீட்டுக்குள் போய்விட்டால் கல்யாணம் பாதி முடிந்த மாதிரி. அதற்குப் பிறகு திருப்பி எடுத்தால் மிரான் அந்த வட்டாரத்தில் தலைகாட்ட முடியாது. போகாமல் நின்றாலும் ஏறக்குறைய அதே கதிதான். எப்படிப் பார்த்தாலும் பெண்ணின் தலைமேல்தான் விடியும், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற புண்ணியம் எனக்கு.

திரும்பி வந்தால், தொக்கோ அதற்குள் கத்த ஆரம்பித்திருந்தான். ஜன்னல்கள் திறந்துகொண்டன. மூன்றாம் மாடியிலிருந்து மிரானின் ஆட்கள் கைதட்டிக்கொண்டே இறங்கி வந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் தொக்கோ பெட்டியை முதுகில் ஏற்றித் துணியால் இறுக்கிக் கட்டி, இடுப்பில் ஒரு கயிற்றையும் மாட்டி, கணவாயை முகத்தில் அப்பிவிட்டான். கடல் நாற்றம் மூக்கில் ஏறியது.

"தொக்கோ, நில்லு. பெட்டியக் குடுக்க வேண்டாமாம். திரும்பிப் போகணும்" என்று கணவாய்க்குள்ளிருந்து முணுமுணுத்தேன்.

அவன் கண் மின்னியது. "அடப்பாவி, ஆரம்பத்துலயே பின்னாலயா! நீ வாத்தியாரே இல்லடா, யாவாரி!"

"விளையாட்டு இல்லடா. சாங்பில் சொன்னான்."

"சாங்பிலே சொல்லிக் குடுத்துட்டானா? பெரிய ஆளுதான்." அவன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "ஐயா, அம்மா, கேட்டுக்கங்க! குதிரைக்கு இந்த வீடு பிடிக்கலையாம். ஊருக்கே திரும்பறேங்குது! பொண்ணு வீட்டுக்காரங்க கை அவ்வளவு இறுக்கமா இருந்தா நான் என்ன பண்ணுவேன்?" என்று முழங்கினான்.

நான் நிஜமாகவே பின்னால் நடந்தேன். சிரிப்பு வெடித்தது. காலடியில் ஓர் உறை விழுந்தது. இன்னும் ஓரடி பின்னால். இரண்டு உறை. மிரானின் தோழிகள் ஒருத்தி கையில் சோஜு, ஒருத்தி கையில் வறுத்த இறைச்சி என்று வந்து கணவாயைத் தூக்கி என் வாயில் திணித்தார்கள். வேண்டாம் என்று தலையை ஆட்டினால், குதிரை கிராக்கி பண்ணுகிறது என்று தொக்கோ விளக்கம் சொன்னான். நான் பின்வாங்கப் பின்வாங்க அவர்கள் வாரி இறைத்தார்கள். இப்படி ஒரு குதிரையை அந்த வளாகம் பார்த்ததில்லை என்று யாரோ பாராட்டினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முகத்தில் கணவாய் இருந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை.

மிரானின் தாய்மாமா ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் பெண் வீட்டுப் படைத்தலைவர். "பின்வாங்கற படைய எவ்வளவோ பாத்திருக்கேன்" என்றார் இடுப்பில் கைவைத்து. "இப்படிக் கூலி வாங்கிக்கிட்டுப் பின்வாங்கறத இன்னிக்குத்தான் பாக்கறேன். டேய் குதிரை, முன்னேறு! முன்னேறு!" என்று என் இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

மேலே ஐந்தாம் மாடியிலிருந்து ஒருத்தர் கத்தினார். "ஐஎம்எஃப் வந்து ஊரே வயித்துல ஈரத்துணி கட்டிக்கிட்டுக் கிடக்கு, உங்களுக்குக் கூத்து கேக்குதா?"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நாடே திவாலாகி ஐஎம்எஃப்பிடம் கடன் வாங்கிய வருஷம் அது. காலையில் வேலைக்குப் போனவன் சாயங்காலம் வேலையோடு திரும்புவான் என்று எந்த வீட்டிலும் சொல்ல முடியாது. வங்கி வாசலில் வரிசை. மிரான் ஒரு வங்கியில் கவுண்டரில் இருந்தாள். அவள் கிளையிலேயே பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள் என்று சாங்பில் முன்பு சொல்லியிருந்தான். "மன்னிச்சுக்கங்க ஐயா, சீக்கிரம் முடிச்சுடறோம்!" என்று மாமா மேலே பார்த்துக் கும்பிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம், "பாத்தியா, சீக்கிரம் வாடா, மானம் போகுது" என்றார்.

அந்த வசவைக் கேட்டபோதுதான் எனக்கு ஏதோ உறைத்தது. மத்தியானமே ஆபீசிலிருந்து கிளம்பிய சாங்பில். அவசரமாகப் போனை வைத்த பெண். அப்படியும் இருக்குமா? சேச்சே, அவன் போன வருஷம்தானே பதவி உயர்வு வாங்கினான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் கால் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. தொக்கோ கயிற்றை இழுத்தான், மாமா தள்ளினார். நடுரோட்டில் சண்டிமாடு மாதிரி நின்றேன்.

படிக்கட்டு வாசலில் சலசலப்பு. மிரான் வந்துகொண்டிருந்தாள். பெட்டி வரும்போது பெண் உள்ளறையில்தான் இருக்க வேண்டும். தலைவாரி, இளஞ்சிவப்புச் சட்டையும் அகலப் பாவாடையும் உடுத்தி, காலில் மட்டும் குளியலறைச் செருப்போடு அவள் இறங்கி வந்ததைப் பார்த்துத் தோழிகள் ஓவென்று கூவினார்கள்.

"பொண்ணே பேரம் பேச வந்துட்டா! விலை ஏறுது, விலை ஏறுது!" என்றான் தொக்கோ.

அவள் என் முன்னால் வந்து நின்றாள். கணவாயின் ஓட்டைக்குள் என் கண்ணைத் தேடினாள்.

"அண்ணா, நீங்க விளையாடறீங்களா, நெஜமாவே போறீங்களா?"

குதிரை பேசக்கூடாது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது போல.

"நீங்க கத்த ஆரம்பிச்சதுலேருந்து அவரு அங்க ஊஞ்சல்ல உக்காந்திருக்காரு. பால்கனிலேருந்து பாத்துக்கிட்டேதான் இருக்கேன். வருவாரு வருவாருன்னு பாத்தா, ஆளு எழுந்திருக்கவே இல்ல."

கையால் காட்டினாள். கார்கள் நிறுத்தும் இடத்துக்கு அந்தப் பக்கம், சின்னப் பிள்ளைகள் விளையாடும் மணல்வெளியில், பிள்ளைகளுக்கான தாழ்ந்த ஊஞ்சலில் கோட்டு சூட்டோடு ஒருத்தன் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தான். மடியில் ஆபீஸ் மேஜைச் சாமான் அடைத்த ஓர் அட்டைப் பெட்டி. அட்டைப் பெட்டியைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்த வருஷம் அப்படி ஒரு பெட்டியோடு நடுப்பகலில் தெருவில் நிற்கிறவர்களை யாரும் என்ன என்று கேட்கமாட்டார்கள்.

மிரான் அவனை நோக்கி நடந்தாள். நானும் நடந்தேன். குதிரை பின்னாலும் இல்லாமல் முன்னாலும் இல்லாமல் பக்கவாட்டில் போவதைப் பார்த்து, "டேய், டேய், எங்கடா?" என்று கயிற்றோடு தொக்கோ ஓடி வந்தான். ஊஞ்சலில் இருந்தவனைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். அவன் வாய் தானாக மூடி நான் பார்த்தது அன்றைக்கு ஒரு தடவைதான்.

சாங்பில் எழுந்திருக்கப் பார்த்தான். ஊஞ்சல் சங்கிலி அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டது. பாதி எழுந்தபடியே, "உன்னை வரச்சொல்லலையே, மிரான்" என்றான்.

"என்னாச்சு?"

"மத்தியானம் ஹாலுக்குக் கூப்பிட்டாங்க. பேர் வாசிச்சாங்க." அட்டைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சம்பளக்காரன்னு நம்பித்தானே உங்கப்பா சரின்னாரு. அது இல்லேன்னு ஆனப்புறம் பெட்டிய உள்ள அனுப்பினா, ஏமாத்தற மாதிரி. அதான் திரும்ப எடுத்துக்கறேன்."

"எதை?"

அவன் சங்கிலியில் மாட்டிய கோட்டை இழுத்தான்.

"என்னைப் பிடிக்காமப் போச்சா?"

"அப்படி யாரு சொன்னா!" அவன் கத்தியே விட்டான்.

"அப்புறம் எதைத் திரும்ப எடுத்துக்கறீங்க? எனக்குப் புரியல, சொல்லுங்க." அவள் ஓர் அடி முன்னால் வைத்தாள். "தினமும் கவுண்டர்ல பாக்கறேன், தெரியுமா? போட்டதை எடுக்க வர்றவன் எவனும் ஒளிஞ்சுக்கறதில்ல. ஜன்னலுக்கு நேரா நின்னு, தன் கையால எழுதி, எடுத்துக்கிட்டுப் போறான். நீங்க என்னடான்னா மூஞ்சில கணவாயக் கட்டின ஒருத்தரை அனுப்பிட்டு, இங்க குழந்தை ஊஞ்சல்ல உக்காந்திருக்கீங்க. வேண்டாம்னா எங்கப்பா முன்னாடி நின்னு வேண்டாம்னு சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்."

சாங்பில் அட்டைப் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். எனக்கு அவன்மேல் பரிதாபமும் வந்தது, ஓங்கி ஓர் அறை விடலாம் என்றும் வந்தது. மிரான் இரண்டு மூச்சு காத்திருந்தாள். பிறகு திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தாள்.

நான் யார் பின்னால் போவது? பெட்டி அவனுடையது. அவனோ கண்ணைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. "போகட்டுமா, நிக்கட்டுமா? ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலைடா!" என்று கத்தினேன். அவன் மறுபடி ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டான். முதுகில் பெட்டி அழுத்தியது, துணி தோளை அறுத்தது. இறக்கி வைக்கலாம் என்றால் வழியில் தரையில் வைக்கக்கூடாது. தொக்கோவைப் பார்த்தேன். அவன் கயிற்றை என் கையிலேயே கொடுத்துவிட்டான்.

படிக்கட்டு வாசலில் இன்னும் சிரிப்பும் கைதட்டலுமாகத்தான் இருந்தது. தூரத்தில் நடந்ததும் விளையாட்டின் ஒரு பகுதி என்று நினைத்திருந்தார்கள். அங்கே நிலைப்படியில் காய்ந்த சுரைக்குடுக்கை ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பெட்டி உள்ளே நுழையும்போது குதிரை அதை ஒரே மிதியில் உடைக்க வேண்டும். கெட்டதெல்லாம் அந்தச் சத்தத்தில் ஓடிவிடும். உடைந்தால் பெட்டி வீட்டைச் சேர்ந்தது, பிறகு பேச்சில்லை. மாமா அதற்குக் காவலாக நின்றிருந்தார்.

மிரான் அவரை விலக்கிவிட்டுக் குடுக்கையின் முன்னால் நின்றாள். பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு மிதித்தாள். பிளாஸ்டிக் செருப்பு வழுக்கியது. குடுக்கை உருண்டு மாமாவின் காலில் முட்டியது. யாரோ களுக்கென்று சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

"ஏய், மிரான், அது குதிரை உடைக்கறது" என்றார் மாமா.

"தெரியும் மாமா." குனிந்து குடுக்கையைப் பழைய இடத்தில் கவிழ்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளைக் காலுறையோடு, குதிகாலால் ஓங்கி மிதித்தாள்.

படாரென்று உடைந்தது. வளாகம் முழுக்கக் கேட்டிருக்கும். ஐந்தாம் மாடிக்காரர்கூட எட்டிப் பார்த்தார். பெண்ணே குடுக்கை உடைத்ததை அந்தக் கூட்டத்தில் யாரும் கேள்விப்பட்டதுகூட இல்லை. சரி என்பதா, அபசகுனம் என்பதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மிரான் திரும்பி என்னைப் பார்த்து, "வாங்கண்ணா" என்றாள். நான் போனேன். காலடியில் ஒரு உறைகூட இல்லாமல், மூன்று மாடியும் ஏறினேன்.

கூடத்தில் பாய் விரித்து, சிவப்புப் பயறு தூவி ஆவியில் வெந்த அரிசிப் பலகாரத்தைச் சட்டியோடு வைத்திருந்தார்கள். அதன்மேல்தான் பெட்டியை இறக்க வேண்டும். மிரானின் அப்பா அதற்கு நேரே உடுத்திச் சிங்காரித்து உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாத மனுஷர், ரயில்வேயில் இருந்தவர். அம்மா சமையலறை நிலையைப் பிடித்தபடி நின்றாள். பெண்ணே குடுக்கையை உடைத்த சேதி எனக்கு முன்னால் ஏறிப் போயிருந்தது. நான் துணி முடிச்சை அவிழ்க்கத் தடவிக்கொண்டிருந்தபோது வாசலில் சாங்பிலின் குரல் கேட்டது. செருப்பு விடும் இடத்திலேயே, அட்டைப் பெட்டியோடு, மண்டி போட்டுவிட்டான்.

"ஐயா, எனக்கு இன்னிக்கு மத்தியானம் வேலை போயிடுச்சு. அதைச் சொல்லாமப் பெட்டி உள்ள வரக்கூடாதுன்னு திருப்பி அனுப்பச் சொன்னேன். நேரா வந்து சொல்லத் தைரியம் இல்ல. தப்பு என் மேலதான். நீங்க வேண்டாம்னா, இப்பவே எடுத்துக்கிட்டுப் போயிடறேன்."

யாரோ சோஜுக் கிண்ணத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. மாமா மோட்டுவளையைப் பார்த்தார். முடிச்சை அவிழ்ப்பதா கட்டுவதா என்று தெரியாமல் நான் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மாப்பிள்ளை" என்றார் மிரானின் அப்பா. "இது மிரானுக்கு எப்பத் தெரியும்?"

"இப்பத்தாங்க. கீழ."

"அவ குடுக்கைய உடைக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

அவர் மகளைப் பார்த்தார். அவள் ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின் மேல் வைத்து நின்றிருந்தாள். காலுறையில் குதிகாலுக்கு அருகே ரத்தம் கசிந்திருந்தது. அவள் அப்பாவின் கண்ணைத் தவிர்க்கவில்லை.

"தெரிஞ்சுதானேம்மா மிதிச்சே?"

"தெரிஞ்சுதாம்பா."

"அப்ப நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் அவர். என் பக்கம் திரும்பி, "தம்பி, எவ்வளவு நேரம் சுமப்பீங்க, இறக்குங்க" என்றார்.

"எனக்கு மனசு ஒப்பலை" என்றாள் அம்மா. சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி. "நான் யாருக்காகவும் பொய் சொல்லமாட்டேன். எனக்கு ஒப்பலை. இந்தக் காலத்துல ரெண்டு பேரும் என்ன சாப்பிடுவாங்க?"

நான் பெட்டியை இறக்கினேன். அவசரத்தில் அது பலகாரத்தின்மேல் கோணலாக உட்கார்ந்து, ஒரு மூலை உள்ளே அமுங்கியது. சரிசெய்வதற்குள் அம்மா வந்துவிட்டாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், குனிந்து இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கி நேராக வைத்தாள்.